சினை வேண்டாத கிடாரிகள்: இறைச்சி மாடுகளில் கருத்தடுப்பு

இறைச்சிக்கென வளர்க்கப்படும் மாடுகளில் காளைக்கன்றுகளைக் காயடித்துவிட்டால் அவற்றின் இனப்பெருக்கக் கவலை அத்தோடு முடிந்தது. கிடாரிகளுக்கு அப்படியொரு எளிய முடிவு கிடையாது. பருவமடைந்த கிடாரி ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை காளைக்குக் கத்தும்; அந்த நேரத்தில் காயடிக்காத ஒரு காளைக்கன்று அருகில் இருந்தாலே போதும், சினை தங்கிவிடும். பால்மாடு வளர்ப்போருக்குச் சினை பிடிக்கவில்லை என்பதுதான் பெருங்கவலை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, ஆஸ்திரேலியா போன்ற இறைச்சி மாட்டு நாடுகளில் அதற்கு நேர்மாறான கவலையும் உண்டு. இறைச்சிக்குப் போகவேண்டிய கிடாரி சினையாகாமல் பார்த்துக்கொள்வது அங்கே தனியொரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. வேலி, தீவன மருந்து, கத்தி, தடுப்பூசி, கருக்கலைப்பு ஊசி என்று அதற்குப் பல வழிகள் உள்ளன. எந்த வழி எங்கே எடுபடும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஓர் ஆண்டில் அந்த மாட்டின் மேல் மனிதக் கை எத்தனை தடவை படுகிறது?

சினை ஏன் சுமையாகிறது

அமெரிக்காவில் ஃபீட்லாட் எனப்படும் தீவனத் தொழுவங்களில் தானியம் தந்து கொழுப்பேற்றப்படும் மாடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடாரிகள். ஆங்கஸ், ஹெரிஃபோர்டு போன்ற ஐரோப்பிய இனக் கிடாரிகள் ஒரு வயதை ஒட்டிப் பருவமடைகின்றன. முழு வளர்ச்சி எடையில் 55 முதல் 65 விழுக்காட்டை எட்டுவதே அதற்கான அடையாளம். தாய்ப்பால் செழித்து, மேய்ச்சலும் நன்றாக இருந்தால் சில கன்றுகள் 6, 7 மாதத்திலேயே, அதாவது தாயின் மடியை விடுமுன்பே, பருவத்துக்கு வந்துவிடும். மந்தையில் தாய்ப்பசுக்களோடு நிற்கும் பொலிகாளை அந்தக் கன்றுகளையும் விடுவதில்லை. சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். இப்படிச் சினையான கன்றைப் பால் மறக்கடித்து, மேய்ச்சலில் சிறிது காலம் வைத்திருந்து, சந்தையில் விற்று, வாங்கியவர் தொழுவத்தில் அடைக்கும்போது வயிற்றுக்குள் ஆறேழு மாதக் கன்று இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கொழுத்த கிடாரி போலத்தான் தெரியும்.

அந்தத் தலையீற்று நல்லபடியாக முடிவது அரிது. கிடாரியின் இடுப்பெலும்பு இன்னும் விரியவில்லை. தானியத் தீவனத்தால் பிறப்புப் பாதையைச் சுற்றிக் கொழுப்பு படிந்திருக்கும். கன்று சிக்கிக்கொள்கிறது, இழுத்து எடுக்க வேண்டும், அல்லது வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டும். கன்று சாகலாம், தாயும் சாகலாம். பிழைத்தால் நஞ்சுக்கொடி தங்கிக் கருப்பை புண்ணாகும். நூற்றுக்கணக்கான மாடுகள் நிற்கும் பட்டியில் பிறக்கும் கன்றுக்குப் பாதுகாப்பும் இல்லை, பால் கொடுக்கப் பழகிய தாயும் இல்லை. இந்த வேதனைதான் முதல் காரணம். பண இழப்பு அதற்கு அடுத்தது. நிறைமாதத்தில் கருப்பையும் கன்றும் கருநீரும் சேர்ந்து 60 கிலோவைத் தாண்டும். உயிரெடைக்குப் பணம் கொடுத்து வாங்கியவர் அத்தனையையும் கழிவாக இழக்கிறார்.

சினையாகாமல் பருவத்துக்கு மட்டும் வந்துகொண்டிருந்தாலும் தொல்லைதான். பருவத்தில் உள்ள கிடாரி மேல் மற்ற கிடாரிகள் தாவும். கால் முறிவு, இடுப்புக் காயம், தீவனம் தின்னாமை எல்லாம் தொடரும். வெட்டுக்கு முன்பான அலைக்கழிப்பில் தசையில் உள்ள சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோனால் இறைச்சி கருத்து உலர்ந்து தோன்றும். அதற்கு விலை குறைவு. ஆகவே தொழுவக்காரர் தேடுவது கருத்தடையோடு பருவத்தையும் அடக்கும் வழியை.

வடக்கு ஆஸ்திரேலியாவின் நிலைமை வேறு. குவீன்ஸ்லாந்தின் வடபகுதி, நார்தர்ன் டெரிட்டரி, கிம்பர்லி ஆகிய இடங்களில் பிராமன் வகை மாடுகள் பெருநிலங்களில் மேய்கின்றன. அங்கே பிராமன் கிடாரிகள் பருவமடைவது சராசரியாக 750 நாள் வயதில் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பால்குடிக் கன்று சினையாவது அங்கே பெரிய சிக்கல் அல்ல. கழித்துவிட வேண்டிய கிழப்பசுதான் சிக்கல். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை. மற்ற மாதங்களில் புல் காய்ந்து சத்திழந்துவிடும். வயதான பசு சினையோடும் மடியில் கன்றோடும் அந்த வறட்சிக் காலத்தைத் தாண்ட முடியாமல் மேய்ச்சலிலேயே விழுந்து சாகும். சினையைத் தடுத்துவிட்டால் அதே பசு அடுத்த மழையில் உடம்பு தேறி விற்பனைக்கு வரும். இங்கே கருத்தடுப்பு, மாட்டை உயிரோடு வைத்திருக்கும் வழியாகிறது.

காளையைத் தள்ளிவைத்தல்

மிகப் பழையதும் கிடாரிக்கு வலியற்றதும் இதுவே. பொலிகாளையை ஆண்டு முழுவதும் மந்தையில் விடாமல் இரண்டு மூன்று மாதம் மட்டும் விடுவது, கன்றுகளை 6 முதல் 8 மாதத்தில் பால் மறக்கடித்துக் காளைக்கன்று, கிடாரிக்கன்று எனத் தனித்தனியே பிரிப்பது, காளைக்கன்றுகளை இளமையிலேயே காயடிப்பது ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் செய்யும் பண்ணையில் வேண்டாத சினை அரிதாகவே நேரும். காயடிப்பதைத் தள்ளிப்போடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விதைப்பையின் சுற்றளவு 28 சென்டிமீட்டரை எட்டிவிட்டால் அந்தக் காளைக்கன்று பருவமடைந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். நன்கு வளரும் கன்றுகள் ஒரு வயதுக்குள்ளேயே அந்த அளவை எட்டிவிடும். பர்டிசோ இடுக்கியால் விதைக்குப் போகும் நாளங்களை நசுக்கும்போது ஒரு பக்கம் தப்பிவிட்டாலும் அது முழுக் காளைதான்.

பிரித்துவைக்க வேலி வேண்டும், வேலியைப் பார்க்க ஆள் வேண்டும். வடக்கு ஆஸ்திரேலியாவில் ஒரே பண்ணை ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரவியிருக்கும். மாடுகளைத் திரட்டிப் பட்டிக்குக் கொண்டுவருவது ஆண்டுக்கு ஒரு தடவை, கூடினால் இரண்டு தடவை. பிடிபடாத காட்டுக்காளைகள் வேலியை முறித்துக்கொண்டு வரும். அங்கே காளைகள் ஆண்டு முழுவதும் பசுக்களோடுதான் நிற்கின்றன. பிரித்துவைத்தலே சிறந்தது என்று அங்குள்ள பண்ணைக்காரருக்கும் தெரியும், செய்ய முடிவதில்லை. மற்ற வழிகள் எல்லாம் இந்த இயலாமையிலிருந்து பிறந்தவை.

இயற்கையே மலடாக்கிவிடும் கிடாரிகளும் உண்டு. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறக்கும் கிடாரிக்கன்றுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் மலடு. கருப்பைக்குள் இரண்டு நஞ்சுக்கொடிகளின் இரத்தக் குழாய்கள் இணைந்து, ஆண்கருவிலிருந்து வரும் சுரப்புகள் பெண்கருவின் உறுப்புகளை வளரவிடாமல் செய்துவிடுகின்றன. 18-ஆம் நூற்றாண்டிலேயே ஜான் ஹன்டர் இத்தகைய கிடாரிகளை அறுத்துப் பார்த்து விவரித்தார். காரணத்தை 1910-களில் ஃபிராங்க் லில்லி விளக்கினார். ஹார்மோன்கள் உடலை எப்படி உருவாக்குகின்றன என்ற அறிவியலுக்கே இந்த மலட்டுக் கிடாரிகள் ஒரு தொடக்கம். ஆனால் இரட்டைக் கன்றுகள் அரிது என்பதால் பண்ணைக் கணக்கில் இவற்றுக்கு இடமில்லை.

தீவனத்தில் கலக்கும் ஹார்மோன்

தொழுவத்தில் அடைத்த கிடாரிக்கு நாள்தோறும் தீவனம் கையால் போகிறது. அந்த வசதியை நம்பி வந்தது மெலெஞ்செஸ்ட்ரால் அசிடேட், சுருக்கமாக எம்.ஜி.ஏ. புரோஜெஸ்ட்டிரான் போல வேலை செய்யும் செயற்கைப் பொருள் இது. 1968-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் தந்தது. தலைக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம், சில சமயம் அதற்கும் குறைவு. இதைத் தின்னும் கிடாரியின் சூலகத்தில் கருமுட்டைப்பை வளரும். ஆனால் வெடிக்காது, ஏனெனில் அதை வெடிக்கவைக்கும் எல்.எச். ஹார்மோனின் திடீர் எழுச்சியை எம்.ஜி.ஏ. அடக்கிவிடுகிறது. பருவமும் வராது, கருவும் தங்காது. வெடிக்காமல் நிற்கும் அந்தப் பை ஈஸ்ட்ரோஜெனைச் சுரந்துகொண்டே இருப்பதால் கிடாரியின் எடையும் சற்றுக் கூடுகிறது. கிடாரிகளுக்கு மட்டும் பயன்படும் இந்த மருந்து காயடித்த காளைகளுக்கு எந்தப் பலனும் தராததற்குக் காரணம் இதுவே.

இதன் குறைகளும் நாள்தோறும் தீவனம் என்ற அதே நிபந்தனையிலிருந்து வருகின்றன. இரண்டு மூன்று நாள் தவறினால் அடங்கியிருந்த பருவம் மொத்த மந்தைக்கும் ஒரே வீச்சில் திரும்பும். இந்தக் குணத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தி, இனவிருத்திப் பண்ணைகளில் 14 நாள் எம்.ஜி.ஏ. கொடுத்து நிறுத்திக் கிடாரிகளை ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவருவதும் உண்டு. திறந்த மேய்ச்சலில் திரியும் மாட்டுக்கு இது பயன்படாது. ஏற்கெனவே சினையான கிடாரியின் சினையை இது கலைப்பதும் இல்லை.

இதைவிடப் பெரிய தடை சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சி ஹார்மோன் கொடுத்த மாட்டிறைச்சியை 1989 தொடக்கத்திலிருந்து இறக்குமதியிலும் தடுத்தது. அதை எதிர்த்து அமெரிக்காவும் கனடாவும் உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கில் பெயர் சொல்லப்பட்ட ஆறு பொருள்களில் எம்.ஜி.ஏ.வும் ஒன்று. தீர்ப்பு 1998-இல் ஐரோப்பாவுக்கு எதிராக வந்தபின்பும் தடை நீங்கவில்லை. ஐரோப்பியச் சந்தைக்கு இறைச்சி அனுப்ப விரும்பும் பண்ணைக்கு இந்த வழி அடைபட்டதுதான்.

கத்தி

சூலகத்தை நீக்கிவிட்டால் பருவமும் இல்லை, சினையும் இல்லை. ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் போதும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கையில் கிடைக்கும் மாட்டுக்கு இதைவிடப் பொருந்தும் வழி இதுவரை வரவில்லை. அதனால்தான் வடக்கு ஆஸ்திரேலியாவில் இது இன்றும் பெருவழக்கு. மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொழுப்பேற்ற அனுப்பப்படும் கிடாரிகளும் எல்லை கடக்குமுன் சூலகம் நீக்கப்பட்டிருக்க வேண்டும். அது நோய்த் தடுப்பு விதி. அவை இனவிருத்தி மந்தைகளில் கலந்து காசநோயையோ கருச்சிதைவு நோயான புருசெல்லோசிசையோ பரப்பக் கூடாது என்பதே நோக்கம்.

பழைய முறை விலாவுக்குப் பின்னே பக்கவாட்டு வயிற்றைத் திறப்பது. முந்தைய நாள் முதல் தீவனத்தை நிறுத்திக் குடலைக் காலியாக வைத்து, நின்ற நிலையில் தோலையும் தசையையும் அறுத்து, கையை உள்ளே விட்டு இரண்டு சூலகங்களையும் வெட்டி எடுத்துத் தையல் போடுகிறார்கள். சின்னக் கிடாரிக்கும் செய்யலாம் என்பதே இதன் ஒரே சிறப்பு. புண் சீழ் வைக்கலாம், ஈ மொய்த்துப் புழு வைக்கலாம், எடை பல நாள் ஏறாது.

இதற்கு மாற்றாக வந்ததே பிறப்புப் பாதை வழியான அறுவை. இத்தகைய அறுவைகளில் ஆஸ்திரேலியாவில் நிலைபெற்றது சூலகத்தை உள்ளேயே விழவிடும் வில்லிஸ் முறை. முனையில் கூரிய துளை கொண்ட நீண்ட உலோகத் தண்டை யோனிச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் செலுத்துகிறார்கள். இன்னொரு கை மலக்குடல் வழியே உள்ளே சென்று, சினைப் பரிசோதனை செய்வது போலவே சூலகத்தைத் தடவிப் பிடித்து அந்தத் துளைக்குள் நுழைக்கிறது. தண்டை இழுத்தால் சூலகத்தைத் தாங்கும் சவ்வு அறுபடும். சூலகம் வயிற்றுக்குள் விழுந்து, இரத்த ஓட்டம் அற்றுச் சுருங்கிப்போகும். வெளியே புண் இல்லை, தையல் இல்லை. தேர்ந்த கை ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மாடுகளை முடித்துவிடும். சூலகம் நீக்கிய மாட்டின் காதில் தனி அடையாளம் வெட்டிவிடுகிறார்கள்.

எளிமையாகத் தோன்றினாலும் இதற்கு மலக்குடல் வழி தடவிப் பழகிய விரல்கள் வேண்டும். இடுப்பு குறுகிய இளங்கிடாரிக்குள் கையே நுழையாது. சினை முற்றிய பசுவில் கருப்பையோடு சூலகமும் கீழே இறங்கிவிடுவதால் எட்டாது. தண்டு தவறினால் பெரிய இரத்தக்குழாயோ குடலோ கிழிபடும். அப்படிக் கிழிபட்ட மாடு உள்ளுக்குள் இரத்தம் வடிந்து சாகும்.

வெளியே புண் இல்லை என்பதால் வலி இல்லை என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. அது தவறு. குவீன்ஸ்லாந்தில் 2010-களின் தொடக்கத்தில் இந்த முறைகளை ஒப்பிட்டு நடந்த ஆய்வுகள், பக்கவாட்டு அறுவை கூடுதல் துன்பம் தருவதையும், வில்லிஸ் முறையும் வலியற்றது அல்ல என்பதையும் காட்டின. ஒரு தடவை மட்டுமே கையில் கிடைக்கும் மாட்டுக்கு, அந்த ஒரு தடவையிலேயே வலிநீக்கியும் கொடுத்து அனுப்புவதுதான் முறை. மெலாக்சிகம் ஊசி அதற்கு உண்டு. பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்ற டைக்ளோஃபினாக்குக்கு மாற்றாகத் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் கையாளும் அதே மருந்து அது. ஒரு ஊசியில் பல மணிநேரம் தாங்கும். செலவும் மாட்டின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம்.

சூலகத்தோடு ஈஸ்ட்ரோஜெனும் போய்விடுவதால் சூலகம் நீக்கிய கிடாரி, நீக்காத கிடாரியைவிட மெதுவாகவே எடை ஏறும். அதை ஈடுகட்டக் காதுத்தோலின் கீழ் ஹார்மோன் குளிகை வைக்கிறார்கள். ஹார்மோன் இல்லாத இறைச்சி விற்போருக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே தொழுவத்தில் இந்த அறுவையால் பெரிய ஆதாயம் கிடையாது. மேய்ச்சல் நிலத்தில்தான் அதற்கு நியாயம் இருக்கிறது.

தடுப்பூசி

கத்திக்குப் பதில் ஊசி வர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மூளையின் அடிப்பகுதியிலிருந்து வரும் ஜி.என்.ஆர்.எச். என்ற சிறு ஹார்மோன்தான் சூலகத்தின் முழு இயக்கத்தையும் தொடங்கிவைக்கிறது. அதை ஒரு புரதத்தோடு பிணைத்து ஊசியாகப் போட்டால் மாட்டின் உடல் தன் சொந்த ஹார்மோனுக்கே எதிர்ப்பொருள் உண்டாக்கும், சூலகம் உறங்கிவிடும். இந்த அடிப்படையில் ஆஸ்திரேலியாவில் உருவான வேக்ஸ்ட்ரேட் 1990-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. வடக்கு ஆஸ்திரேலியப் பசுக்களுக்கென்றே உருவானது அது. ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சந்தையை விட்டுப் போய்விட்டது. பிறகு வந்த போப்ரிவா நியூசிலாந்து போன்ற நாடுகளில் பதிவு பெற்றது.

அறிவியல் பிழையாகவில்லை, நடைமுறைதான் இடறியது. இந்த ஊசிகள் சில வார இடைவெளியில் இரண்டு தடவை போட்டால்தான் வேலை செய்யும்; சில மாதங்களில் எதிர்ப்பொருள் குறையும், மறுபடி போட வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை திரட்டப்படும் மாட்டை மூன்று வாரத்தில் மறுபடி எப்படித் திரட்டுவது? அத்தனை தடவை மாட்டைப் பிடிக்க முடிகிற பண்ணையில் காளையைப் பிரித்துவைப்பதே முடியுமே. ஒரே ஊசியில் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் தடுப்பூசி வந்தால்தான் வில்லிஸ் தண்டு ஓய்வுபெறும். மாடுகளின் நலனில் அக்கறையுள்ள எந்த அரசும் பணம் போட வேண்டிய ஆராய்ச்சி இது. கருப்பைக்குள்ளும் யோனிக்குள்ளும் வைக்கும் சாதனங்களும் கிடாரிகளில் முயன்று பார்க்கப்பட்டன. அவை பெரிய அளவில் புழக்கத்துக்கு வரவில்லை.

சினை தங்கிவிட்ட பின்

தடுப்பு தவறிய இடத்தில் முதல் வேலை சினைப் பரிசோதனை. தேர்ந்த கை மலக்குடல் வழியே 35, 40 நாளிலிருந்தே சினையை அறியும். அல்ட்ராசவுண்ட் 28 நாள் வாக்கிலேயே காட்டும். அதே நாள் அளவில் இரத்தப் பரிசோதனையும் சொல்லிவிடும்.

இளஞ்சினையைக் கலைப்பது புரோஸ்டாகிளாண்டின் ஊசி. கருமுட்டை வெடித்த இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திரள்தான் சினையைத் தாங்கும் புரோஜெஸ்ட்டிரானைச் சுரக்கிறது. இந்த ஊசி அந்தத் திரளைக் கரைத்துவிடும். பருவத்துக்கு வராத பால்மாடுகளுக்குத் தமிழ்நாட்டில் போடப்படுவதும் இதே ஊசிதான். சினையைக் காக்க வேண்டிய மாட்டுக்குத் தவறிப் போட்டுவிட்டால் கன்று வீசிவிடும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான். தொழுவக் கிடாரிகளுக்கு முதல் 100 நாளுக்குள் போடுவதே பாதுகாப்பு. அப்போது கலையும் கரு சிறிது. கிடாரிக்குத் துன்பமும் குறைவு. காளை தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால், காளையை விலக்கிப் பத்து நாளேனும் கழித்துப் போட வேண்டும். அதற்கு முன் மஞ்சள் திரள் முதிர்ந்திருக்காது. சினை 5 மாதத்தைத் தாண்டினால் நஞ்சுக்கொடியும் புரோஜெஸ்ட்டிரானைச் சுரக்கத் தொடங்குவதால் இந்த ஊசி மட்டும் போதாது. டெக்ஸாமெத்தசோனையும் சேர்த்துப் போடுகிறார்கள். அப்போது வெளிவருவது உருவான கன்று. நஞ்சுக்கொடி தங்கும், காய்ச்சல் வரும், நாள்தோறும் பார்க்க ஆள் வேண்டும். கடைசி மாதங்களில் இருக்கும் கிடாரியை அப்படிக் கலைப்பதைவிட, தனியே பிரித்துக் கன்று ஈனவிட்டுப் பிறகு கொழுப்பேற்றுவதே நேர்மையான வழி. பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இந்த ஊசியைக் கையாள்வோருக்கும் ஆபத்து உண்டு. மருந்து தோல் வழியே ஊறும். கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் இதைத் தொடக் கூடாது. மற்றவர்களும் கையுறை இல்லாமல் தொடுவது தவறு.

வெட்டுமிடத்தில்

இத்தனையும் தவறும்போது சினைமாடு இறைச்சிக்கூடம் வரை போய்விடுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அங்கே வெட்டப்படும் கறவைப் பசுக்களில் ஏறத்தாழ 3 விழுக்காடும் இறைச்சி மாடுகளில் 1.5 விழுக்காடும் சினைக்காலத்தின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் இருந்தவை. சினைக்காலத்தில் 90 விழுக்காட்டைக் கடந்த விலங்கை வண்டியேற்றக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் முன்பே சொல்லியிருந்தது. ஜெர்மனி அதே 2017-இல் ஒரு படி மேலே போய், கடைசி மூன்றில் ஒரு பகுதியில் உள்ள சினை விலங்கை வெட்டுக்குக் கொடுப்பதையே தடைசெய்தது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் மட்டும் விலக்கு.

இத்தகைய சட்டம் உள்ள இடத்தில் சினைப் பரிசோதனை பண்ணைக்காரரின் கடமையாகிவிடுகிறது. பரிசோதனைக்காக மாட்டைப் பட்டிக்குள் நிறுத்தும் அந்த ஒரு வேளையிலேயே காளைக்கன்றைப் பிரிக்கலாம், இளஞ்சினையைக் கண்டு ஊசி போடலாம், அறுவைதான் வழி என்றால் வலிநீக்கியோடு செய்யலாம். மெலாக்சிகம் கையில் இருக்கும்போது அதைப் போடாமல் சூலகத்தை அறுப்பதற்கு எந்த மேய்ச்சல் நிலத்தின் தூரமும் காரணமாகாது. அந்த வழக்கத்தைச் சட்டமே தடுக்க வேண்டும்.